வாயிற்செயலியும் மூன்று நட்சத்திரமும்: ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு, யோசனை சொல்லுங்கள்

வாசற்படி | சனி, காலை 6:48

வணக்கம். பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி, 186 வீடுகள் கொண்ட அடுக்ககத்தில் குடியிருக்கிறேன். தொலைபேசித் துறையில் 34 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். போன ஆண்டு குடியிருப்போர் சங்கப் பொதுக்குழுவில் தண்ணீர் குடிக்க வெளியே போய்த் திரும்புவதற்குள் என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

இதுவரை எங்கள் வாசலில் ஒரு நீள நோட்டுதான். பெயர், கைபேசி எண், போகும் வீடு, நேரம், கையெழுத்து. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு வீட்டில் நகை காணாமல் போனது. போலீஸார் வந்து நோட்டைப் புரட்டினார்கள். அன்றைய பக்கத்தில் ‘ரமேஷ், கூரியர்’ என்று நான்கு இடத்தில், நான்கு விதக் கையெழுத்தில் இருந்தது. ஒரு ரமேஷின் எண்ணுக்கு ஒன்பது இலக்கம்தான். எழுதியவரும் கவனிக்கவில்லை, எழுதச் சொன்னவரும் கவனிக்கவில்லை.

ஆகவே செயலி வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். நானும் ஆதரவுதான். வாசலுக்கு யாராவது வந்தால் நம் கைபேசியில் தகவல் வரும், நாம் சரி என்றால்தான் உள்ளே விடுவார்கள். வீட்டு வேலை செய்பவர், காரோட்டி, பால் போடுகிறவர் என்று தினமும் வருகிறவர்களுக்கு ஆறு இலக்க எண். அவர்களுடைய புகைப்படம், ஆதார் நகல், வந்த நேரம், போன நேரம், எந்தெந்த வீட்டில் வேலை என்பது வரை எல்லாம் ஏறிவிடும். குடியிருப்போர் அவர்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரமும் கொடுக்கலாம், கருத்தும் எழுதலாம். முகத்தைப் பார்த்துக் கதவைத் திறக்கும் கருவி ஒன்று மூன்று மாதத்துக்கு இலவசமாம்.

செயல்விளக்கத்தின்போது விற்பனையாளர் பெரிய திரையில் ஒரு பக்கத்தைத் திறந்தார். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் படம். அன்று காலையில்தான் வாட்ச்மேன் எடுத்ததாம். பக்கத்தில் மஞ்சளாக மூன்று நட்சத்திரம். அந்த நேரம் பார்த்து அந்த அம்மாவே கூட்டத்துக்குத் தேநீர்த் தட்டோடு வந்து நின்றார். அறுபது பேர் ஒருமுறை திரையைப் பார்த்தார்கள், ஒருமுறை அவரைப் பார்த்தார்கள்.

மறுநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டார்: “என் படத்துக்குப் பக்கத்தில் மூன்று பூ போட்டிருந்ததே ஐயா, அது எதற்கு?”

எனக்குப் பதில் தெரியவில்லை. வரும் ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு வாக்கெடுப்பு. அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

இரண்டாம்மாடி | சனி, காலை 8:15

ஐயா, தயங்காமல் வாங்குங்கள். இப்படிப்பட்ட செயலி உள்ள அடுக்ககத்தில்தான் மூன்று ஆண்டாக இருக்கிறேன். எனக்கு இரவுப் பணி. வீட்டில் எட்டு வயதுப் பெண்ணும் காது மந்தமான என் மாமியாரும்தான். முன்பெல்லாம் வாசல் மணி அடித்தால் யார் எவர் என்று பார்க்காமல் கதவைத் திறந்துவிடுவார்கள். இப்போது அலுவலகத்தில் இருந்தபடியே ‘வேண்டாம், அனுப்பாதீர்கள்’ என்று ஒரு விரலால் சொல்லிவிடுகிறேன்.

நட்சத்திரத்தில் என்ன தவறு? வாடகைக் கார் ஓட்டுநருக்குக் கொடுக்கிறோம், உணவு கொண்டுவரும் தம்பிக்குக் கொடுக்கிறோம். நன்றாக வேலை செய்கிறவருக்கு அது நல்லதுதானே.

பழையபேனா | சனி, காலை 9:02

நோட்டில் என்ன குறை என்று கேட்கிறேன். மின்சாரம் வேண்டாம், இணையம் வேண்டாம். நூலில் கட்டிய பேனாவை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. ரமேஷ் ஒன்பது இலக்கம் எழுதினால் வாட்ச்மேனைக் கண்டியுங்கள். அதற்குப் போய் மாதாமாதம் சந்தாவா?

கோவைத்தம்பி | சனி, காலை 10:30

பழையபேனா ஐயா, நோட்டு அப்பாவி என்று நினைக்காதீர்கள். என் தங்கை போன ஆண்டு தோழியைப் பார்க்க ஒரு அடுக்ககத்துக்குப் போனாள். பெயரும் எண்ணும் எழுதச் சொன்னார்கள், எழுதினாள். அன்று இரவே அறியாத எண்ணிலிருந்து ‘வணக்கம், சாப்பிட்டாயா’ என்று வாட்ஸ்அப்பில் வந்தது. அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற எவனோ நோட்டைப் படம் பிடித்திருக்கிறான். மூன்று எண்களைத் தடுத்தும் நிற்கவில்லை, கடைசியில் எண்ணையே மாற்றினாள். வங்கி, ஆதார், வேலை என்று எல்லா இடத்திலும் மாற்ற வேண்டியிருந்தது. இரண்டு மாத அலைச்சல்.

அன்றிலிருந்து எந்த வாசலிலும் நான் எண்ணை எழுதும்போது மேல் வரிகளைப் பார்ப்பேன். இருபது பேருடைய எண்கள் பளிச்சென்று தெரியும். எண்ணை மறைத்து வைக்கும் செயலி இதைவிட எவ்வளவோ மேல். அந்த அளவில் நான் செயலிக்கட்சி.

சீலன் | சனி, பகல் 1:44

பதினாறு ஆண்டாகக் கணினிப் பாதுகாப்புத் துறையில் இருக்கிறேன். வாங்கலாமா வேண்டாமா என்பதை விட, வாங்கும்போது என்ன கேட்கிறீர்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். தகவல் எந்த ஊர்க் கணினியில் இருக்கும்? எத்தனை நாளைக்கு? ஒப்பந்தம் முடிந்தால் அழிப்பார்களா, அழித்ததற்கு எழுத்தில் சான்று தருவார்களா? விளம்பரதாரருக்குக் கொடுப்பார்களா? சங்கத்தில் யார் யாருக்கு எல்லாப் பதிவும் தெரியும்? விற்பனையாளர் இவற்றுக்குச் சிரித்து மழுப்பினால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று. செயலியைப் பற்றிப் பேசும் எவரும் ஏற்கெனவே மாட்டியிருக்கும் கேமராவைப் பற்றிப் பேசுவதில்லை. 2016-இல் ‘மிராய்’ என்று ஒரு தீநிரல், அதாவது கருவிக்குள் புகுந்து அதைக் கைப்பற்றும் நிரல், பரவியது. அதில் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. தொழிற்சாலையில் போட்டுக் கொடுக்கும் பெயர், கடவுச்சொல் ஜோடிகள் சுமார் அறுபதை வரிசையாகப் போட்டுப் பார்க்கும், அவ்வளவுதான். உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களும் பதிவுப் பெட்டிகளும் அதற்குத் திறந்துகொண்டன. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அந்தக் கேமராப் படையை வைத்துத்தான் இணையத் தளப் பெயர்களை முகவரியாக மாற்றிக் காட்டும் ‘டைன்’ என்ற நிறுவனத்தைத் தாக்கினார்கள். ட்விட்டர் உள்பட பல தளங்கள் அமெரிக்காவில் மணிக்கணக்கில் படுத்துவிட்டன. நிரலை எழுதியவர்கள் இருபது வயதை ஒட்டிய மூன்று பையன்கள். 2017 டிசம்பரில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

நமக்குப் பக்கத்திலும் நடந்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் டெலிகிராமில் விற்பனைக்கு வந்தன. பரிசோதனை அறையில் இருந்த பெண்களின் படங்கள். பாதுகாப்புக்கு என்று மாட்டிய கேமராதான் அதுவும்.

உங்கள் அடுக்ககக் கேமராவின் கடவுச்சொல் என்ன என்று இங்கே எழுதாதீர்கள். போய்ப் பாருங்கள்.

வாசற்படி | சனி, மாலை 5:20

தம்பி சீலன், போய்ப் பார்த்தேன். தேடவே வேண்டியதில்லை. பதிவுப் பெட்டியின் தலையிலேயே ஒரு துண்டுத்தாளில் எழுதி ஒட்டியிருந்தது. நான்கு ஆண்டாக அப்படித்தான் இருக்கிறதாம். மாற்றியாயிற்று.

இதைப் பார்த்ததும் பழைய ஞாபகம் ஒன்று. இணைப்பகத்தில் நான் சேர்ந்த புதிதில் சோதனை மேசையில் உட்கார வைத்தார்கள். தொலைபேசி வேலை செய்யவில்லை என்று புகார் வந்தால், அந்த இணைப்பில் காதுக்கருவியைப் போட்டுக் கேட்க வேண்டும். யாராவது பேசிக்கொண்டிருந்தால் நமக்கும் கேட்கும். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த மூத்தவர் முதல் நாளே சொன்னார்: “இரைச்சல் இருக்கிறதா என்று மட்டும் கேள். வார்த்தை காதில் விழுந்த நொடியே கருவியை எடுத்துவிடு. கேட்டது வாய்க்கு வரக் கூடாது.” 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தில் அதற்குத் தண்டனை இருந்தது. ஆனால் அவர் சட்டத்தைச் சொல்லி மிரட்டவில்லை. கழுத்துச் சுளுக்கைப் பற்றிச் சொல்வதுபோல, தொழிலில் கவனிக்க வேண்டிய ஒன்றாகச் சொன்னார்.

எங்கள் வாட்ச்மேனுக்கு இந்த மாதிரி யாரும் எதுவும் சொல்லிக்கொடுத்திருப்பார்களா என்று இன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கே யாரும் சொல்லவில்லையே, செயலாளர் ஆனபோது.

வழக்குரை | சனி, இரவு 9:37

சட்டப் பக்கம் கொஞ்சம் எழுதுகிறேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகச் சொன்னது. அதற்குப் பிறகு ஆறு ஆண்டு இழுத்து 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில், கட்டாயமாகும். அதுவரை சும்மா இருக்கலாம் என்று சங்கத்தார் யாராவது சொல்வார்கள். இப்போது சேர்க்கும் தகவல் அப்போதும் உங்கள் கையில்தான் இருக்கும் என்று பதில் சொல்லுங்கள்.

சங்கம் எதற்காகத் தகவல் சேர்க்கிறது என்று முடிவு செய்வது சங்கம். ஆகவே முதல் பொறுப்பு சங்கத்துக்கு. செயலி நிறுவனம் உங்களுக்காக வேலை செய்யும் கை. தகுந்த பாதுகாப்பு செய்யாமல் தகவல் கசிந்தால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். உங்கள் சங்கத்தின் மீது அவ்வளவு வரப்போவதில்லை, பயப்பட வேண்டாம். ஆனால் ‘நிறுவனம்தான் பொறுப்பு’ என்று கைகழுவ முடியாது.

என்ன தகவல், எதற்கு என்று ஒப்புதல் கேட்கும்போது அறிவிப்பு தர வேண்டும். அதை அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதில் வேண்டுமானாலும் கேட்டுப் பெறலாம். அதாவது அந்த அம்மா தமிழில் கேட்டால் தமிழில் தர வேண்டும்.

இடையில் ஒன்று. இந்தச் சட்டம் ஆண், பெண் எல்லோரையும் ஆங்கில மூலத்தில் ‘அவள்’ என்றே குறிக்கிறது. தேநீர்த் தட்டோடு நின்ற அம்மாவைப் படித்தபோது அந்தச் சொல் வெறும் இலக்கண விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

பழையபேனா | சனி, இரவு 10:05

அம்மா, ஒரு சந்தேகம். டிஜிட்டல் தரவுக்குத்தான் சட்டம் என்றால் என் நீள நோட்டுக்கு?

வழக்குரை | சனி, இரவு 10:11

காகிதத்திலேயே இருக்கும் வரை பொருந்தாது. கணினியில் ஏற்றினால் பொருந்தும்.

பழையபேனா | சனி, இரவு 10:13

பார்த்தீர்களா! என் நோட்டைத் தொடச் சட்டத்துக்கே துணிவில்லை.

கோவைத்தம்பி | சனி, இரவு 10:20

என் தங்கையிடம் இதைச் சொல்லிவிடுகிறேன் ஐயா. மகிழ்ச்சி அடைவாள்.

இரண்டாம்மாடி | ஞாயிறு, காலை 7:50

எல்லோரும் சட்டம் பேசுகிறீர்கள். நகை போன வீட்டுக்காரருக்குச் சட்டமா நகையைத் திருப்பித் தரும்? வேலைக்கு வருகிறவர் யார், எங்கே இருக்கிறார் என்று தெரிய வேண்டாமா? ஆதார் நகல் வாங்குவதில் என்ன குற்றம்? சிம் கார்டு வாங்கினால் கொடுக்கவில்லையா, விடுதியில் தங்கினால் கொடுக்கவில்லையா?

வழக்குரை | ஞாயிறு, காலை 9:15

ஆதார் எண்ணைத் தனியார் தம் விருப்பத்துக்குக் கேட்க வழிசெய்த, ஆதார் சட்டத்தின் 57-ஆம் பிரிவின் பகுதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று ரத்து செய்தது. அவராக விரும்பிக் காட்டுவதற்குத் தடையில்லை. கட்டாயப்படுத்துவதுதான் சிக்கல். ஆள் யார் என்று தெரிந்துகொள்ள நகல் எதற்கு? அட்டையில் இருக்கும் கியூஆர் குறியை ஆதார் ஆணையத்தின் செயலியால் படித்தால் அட்டை உண்மையா என்று அங்கேயே தெரியும். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரும் இருக்கிறது.

2022 மே 27 அன்று ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகமே ‘ஆதார் நகலை எல்லா இடத்திலும் கொடுக்காதீர்கள்’ என்று ஓர் அறிவிப்பு விட்டது. இரண்டே நாளில், தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்று அரசு அதைத் திரும்பப் பெற்றது. எது தவறு, எது சரி என்று நாட்டுக்கே குழப்பம். சங்க அலமாரியில் நகல் அடுக்கி வைப்பதால் நகை திரும்பக் கிடைக்காது என்பது மட்டும் குழப்பமில்லாத விஷயம்.

சீலன் | ஞாயிறு, காலை 11:02

முகம் பார்க்கும் கருவியைப் பற்றி யாரும் எழுதவில்லை. இலவசம் என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. 2018-இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு இருவரும் செய்த ஆய்வில், வெளுத்த நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 விழுக்காடு, கறுத்த நிறப் பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை. உங்கள் வாசலில் வேலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் யார்?

எண்சுவடி | ஞாயிறு, பகல் 12:40

புள்ளியியல் ஆசிரியன் என்ற முறையில் ஒரு திருத்தம். அந்த ஆய்வு, முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தது. ஆளை அடையாளம் காணும் மென்பொருளை அல்ல. உங்கள் வாதத்துக்குப் பொருத்தமானது 2019 டிசம்பரில் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனம் வெளியிட்ட அறிக்கை. பல மென்பொருள்களில் ஆசிய, ஆப்பிரிக்க முகங்களை வேறொருவராகத் தவறாகப் பொருத்தும் பிழை 10 முதல் 100 மடங்கு வரை கூடுதலாக இருந்தது. சில மென்பொருள்களில் வேறுபாடு மிகக் குறைவு என்றும் அதே அறிக்கை சொல்கிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: உங்களுக்குத் தரும் கருவியில் எந்த மென்பொருள், யார் சோதித்தது?

சீலன் | ஞாயிறு, பகல் 12:58

ஒப்புக்கொள்கிறேன் ஐயா, அவசரத்தில் எழுதிவிட்டேன். நன்றி.

கைரேகைக் கருவி என்று மாற்று யோசனை யாராவது சொன்னால் அதற்கும் ஒரு சொல். நாள் முழுவதும் சோப்பிலும் சாம்பலிலும் கை வைக்கிறவர்களின் ரேகை தேய்ந்துவிடுகிறது. ரேஷன் கடை வரிசையில் பாட்டிகள் விரலைத் துடைத்துத் துடைத்து வைப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மட்டுறுத்துநர் | ஞாயிறு, மாலை 4:00

இங்கே இருந்த ஒரு பதிவு நீக்கப்பட்டது. தம் அடுக்ககச் செயலியில் நட்சத்திரம் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக உறுப்பினர் ஒருவர் திரைப்பிடிப்பு இட்டிருந்தார். அதில் ஒரு வீட்டுப் பணியாளரின் முகம், பெயர், கைபேசி எண், அவர் வேலை செய்யும் ஏழு வீடுகளின் எண்கள் எல்லாம் இருந்தன. நல்ல எண்ணத்தில் செய்தது என்று தெரியும். நாங்கள் பார்ப்பதற்குள் 212 பேர் பார்த்துவிட்டார்கள் என்பதும் தெரியும்.

கண்ணகிநகர்ப்பெண் | ஞாயிறு, இரவு 11:26

நான்கு ஆண்டாக இந்தத் தளத்தைப் படிக்கிறேன், இன்றுதான் கணக்குத் தொடங்கினேன். நீக்கப்பட்ட அந்தப் படத்தைப் பார்த்த 212 பேரில் நானும் ஒருத்தி. என் அம்மா இல்லை என்று உறுதியானதும்தான் மூச்சு வந்தது.

அம்மா நான்கு வீடுகளில் வேலை செய்கிறார். மூன்று வீடுகள் ஒரே அடுக்ககத்தில், செயலி உள்ள இடம். போன ஆண்டு ஒரு வீட்டார் ஊர் மாறிப் போனதால் புது வீடு தேடினார். இரண்டு வீடுகளில் பேசிச் சம்பளம் வரை முடிவாகி, மறுநாள் ‘வேண்டாம்மா’ என்றார்கள். ஏன் என்று சொல்லவில்லை. பழைய வீட்டு அக்கா ஒருவர் இரக்கப்பட்டுத் தம் கைபேசியைக் காட்டினார். 2.7 நட்சத்திரம். கீழே கருத்து: ‘பேச்சு அதிகம்.’ கார் கழுவ வேறு தனியாகப் பணம் கேட்டதற்கு வந்த கருத்து அது என்று அம்மா நினைக்கிறார். நினைக்கத்தான் முடியும். செயலி குடியிருப்போருக்கு மட்டும்தான், அம்மாவுக்குத் திறக்காது. யார் எழுதினார், எப்போது எழுதினார், எங்கே போய் மறுப்பது என்று எதுவும் கிடையாது.

வாடகைக் கார் ஓட்டுநருக்கும் கொடுக்கிறோமே என்று மேலே எழுதிய அக்காவுக்கு: ஓட்டுநர் தம் நட்சத்திரத்தைத் தம் கைபேசியில் பார்க்கலாம். திருப்பி உங்களுக்கும் கொடுக்கிறார். என் அம்மா வேலை செய்யும் வீடுகளுக்கு யார் நட்சத்திரம் கொடுப்பது? தீபாவளிப் பணத்தை ஜனவரியில் தந்த வீடு, நாய்த் தட்டையும் இவர் தட்டையும் ஒரே இடத்தில் வைத்த வீடு, எல்லாம் எங்களிடமும் கணக்கு இருக்கிறது.

முகவரி இன்னொரு பிரச்சினை. சென்னையின் பல குடிசைப் பகுதிகளிலிருந்து 2000-ஆம் ஆண்டு தொடங்கிக் கொண்டுவந்து குடியேற்றப்பட்டவர்கள் நாங்கள். ‘கண்ணகி நகரா’ என்று கேட்கும்போது குரல் மாறுவதை நான் வேலைக்கான நேர்காணலிலேயே கேட்டிருக்கிறேன். ஆதார் நகல் ஏறிய நாளிலிருந்து அம்மா பெயருக்குக் கீழே அந்த முகவரி 300 வீடுகளுக்கும் தெரிகிறது.

இவ்வளவு சொன்னதால் செயலியே வேண்டாம் என்கிறேன் என்று நினைக்காதீர்கள். தொழில்நுட்பத்தால் அம்மாவுக்கு நடந்த பெரிய நன்மையைப் பார்த்தவள் நான். சம்பளம் கையில் வந்தபோது அப்பா கைக்குப் போனது. இப்போது யுபிஐ-யில் அம்மா கணக்குக்கு நேராக வருகிறது. ஓராண்டு வரவு வங்கிக் கணக்கில் தெரிந்ததால்தான் என் கல்லூரிக் கட்டணத்துக்கு வட்டிக்காரரிடம் போகாமல் கடன் கிடைத்தது. யுபிஐ ரகசிய எண்ணை அப்பாவிடம் சொல்லக் கூடாது என்பதற்கு நாங்கள் இருவரும் கோவிலில் போய்ச் சத்தியம் செய்துகொண்டோம்.

வாசல் பதிவும் எங்களுக்கு வேண்டும். அம்மா சமையலறைச் சுவரில் உள்ள நாள்காட்டியில் வேலைக்குப் போகாத நாளுக்குக் கோடு போடுவார். ஒரு மாதம் மூன்று கோடு. வீட்டுக்கார அம்மா ஆறு நாள் வரவில்லை என்று பிடித்தார். சுவரில் போட்ட கோட்டை யார் நம்புவார்? ஆனால் அந்த அடுக்ககத்தின் செயலியில் அம்மா உள்ளே போன நிமிடமும் வெளியே வந்த நிமிடமும் இருந்தன. கேட்டோம். ‘அது குடியிருப்போருக்கு மட்டும்’ என்றார் காவலர். அம்மா நடந்த நடை, அம்மாவின் நேரம், அம்மாவின் முகம். பார்க்க முடியாத ஒரே ஆள் அம்மா.

வாசற்படி ஐயா, எங்களைப் பற்றி எழுதுவதை நாங்களும் படிக்க முடிந்தால் எழுதிக்கொள்ளுங்கள். முடியாதென்றால் நோட்டே போதும்.

வழக்குரை | திங்கள், காலை 8:05

தங்கை எழுதியதற்கு ஒரு சட்டக் குறிப்பு, மிகவும் முக்கியம். வேலைக்கு வைத்திருப்பவர் தமக்கு இழப்பு வராமல் காத்துக்கொள்ளும் தேவைக்கு ஒப்புதல் இல்லாமலே தகவலைப் பயன்படுத்தலாம் என்று தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. விற்பனையாளரின் வழக்கறிஞர் இதைத்தான் காட்டுவார். முதலில், அந்த அம்மாவுக்கு வேலை கொடுப்பது வீட்டுக்காரர், சங்கம் இல்லை. அடுத்தது, தம் தகவலைக் கேட்டுப் பார்க்கும் உரிமையை 11-ஆம் பிரிவு தருகிறது, ஆனால் ஒப்புதல் கொடுத்தவருக்குத்தான் தருகிறது. ஒப்புதல் கேட்காமல் சேர்த்தால் அவர் பார்க்கும் உரிமையும் சேர்ந்து போகிறது. ஆகவே செயலாளர் ஐயா, சட்டத்தில் குறுக்குவழி இருந்தாலும் ஒப்புதல் வாங்கியே செய்யுங்கள்.

இரண்டாம்மாடி | திங்கள், இரவு 10:48

நேற்று இரவு தூக்கம் வரவில்லை. எங்கள் செயலியைத் திறந்து, நான் இதுவரை யார் யாருக்கு என்ன கொடுத்தேன் என்று பார்த்தேன். இரண்டு ஆண்டுக்கு முன் ஒருவருக்கு இரண்டு நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன். மாமியாரை மருத்துவமனையில் சேர்த்த வாரம் அது. அவர் சொல்லாமல் இரண்டு நாள் வரவில்லை. அந்தக் கோபத்தில் செய்தது. பிறகு அவர் ஓராண்டு என் வீட்டிலேயே வேலை செய்தார், நன்றாகவே செய்தார். நட்சத்திரம் மட்டும் அங்கேயே இருந்திருக்கிறது. நீக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது.

வாசலில் தகவல் கேட்டு விடுவது எனக்கு வேண்டும். அதில் மாற்றமில்லை. என் பெண்ணின் பாதுகாப்பை யாருக்காகவும் விட மாட்டேன். நட்சத்திரத்தைப் பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

வாசற்படி | அடுத்த ஞாயிறு, இரவு 8:30

கூட்டம் முடிந்தது. 61 பேர் வந்தார்கள். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

செயலி வருகிறது. நட்சத்திரம், கருத்து இரண்டும் கிடையாது. அதை நிறுத்தவே முடியாது, மென்பொருளின் அமைப்பே அப்படி என்று விற்பனையாளர் வியாழக்கிழமை வரை சொன்னார். அப்படியானால் கையெழுத்துப் போடவில்லை என்றேன். வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் அது வெறும் ஒரு பொத்தானாம், தட்டினால் போய்விடுமாம். இப்படி நிறுத்தச் சொன்ன முதல் சங்கம் நாங்கள்தான் என்றார். அது உண்மையா, விற்பனைப் பேச்சா என்று தெரியவில்லை.

முகக்கருவி வேண்டாம் என்று முடிவானது, ஆனால் 32-க்கு 29 என்ற கணக்கில்தான். எண்சுவடி ஐயாவின் கேள்வியை அப்படியே கேட்டேன். எந்த மென்பொருள் என்று விற்பனையாளருக்கே தெரியவில்லை. அந்த மூன்று வாக்கு அதனால் வந்ததுதான்.

அலமாரியில் ஏற்கெனவே 97 ஆதார் நகல்கள் இருந்தன. 2019-லிருந்து சேர்ந்தவை, வேலையை விட்டுப் போனவர்களுடையது உள்பட. கிழிக்கும் இயந்திரம் இல்லை. இரவு முழுவதும் இரண்டு வாளித் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் நானும் பொருளாளரும் கையால் பிசைந்து கூழாக்கினோம். அறுபது வயதுக்கு மேல் இருவர் மாடியில் உட்கார்ந்து காகிதக் கூழ் பிசைவதைப் பார்த்துப் பிள்ளைகள் கொலு பொம்மை செய்கிறோமா என்று கேட்டார்கள்.

வாசல் பதிவு 90 நாள் மட்டும் இருக்கும். வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் மாதம் முதல் தேதியன்று அவரவர் வந்த நேரம், போன நேரம் தமிழில் அச்சிட்டுக் கொடுப்போம். செயலியில் அதற்கு வசதி இல்லை. தகவலை இறக்கி நானே தட்டச்சு செய்ய வேண்டும். அடுத்த பதிப்பில் வரும் என்கிறார்கள்.

நான் தோற்றுப்போன இடத்தையும் சொல்ல வேண்டும். ஒருவர் எந்தெந்த வீட்டில் வேலை செய்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும் என்ற பகுதியை நீக்க முடியவில்லை. 38-க்கு 23. ‘ஆள் வேண்டுமென்றால் யாரைக் கேட்பது’ என்றார்கள். முகவரியையாவது மறைக்கச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

ஒப்புதல் தாளை வாட்ச்மேன் வாய்விட்டுப் படித்தார், எல்லோரும் கேட்டார்கள். ஒரு பாட்டி மட்டும் படம் எடுக்க வேண்டாம் என்றுவிட்டார். காரணம் கேட்டோம், சொல்லவில்லை. அவருக்காக நீள நோட்டு தொடர்கிறது.

பழையபேனா | ஞாயிறு, இரவு 8:41

அந்தப் பாட்டிக்கு என் வணக்கம். பேனா நான் வாங்கி அனுப்புகிறேன், நூலோடு.

கண்ணகிநகர்ப்பெண் | ஞாயிறு, இரவு 9:10

அச்சிட்ட தாளில் தவறு இருந்தால் யாரிடம் சொல்வது ஐயா? உங்களுக்குப் பிறகு வேறு செயலாளர் வந்தால்?

அந்த அம்மாவிடம் பூவைப் பற்றி என்ன சொன்னீர்கள்?

வாசற்படி | ஞாயிறு, இரவு 9:52

முதல் கேள்விக்கு இப்போது பதில் இல்லை அம்மா. என் பதவிக்காலம் மார்ச் மாதம் முடிகிறது. அதற்குள் சங்க விதிகளில் எழுதிச் சேர்க்கப் பார்க்கிறேன்.

இரண்டாவதற்கு: விற்பனையாளரிடம் விசாரித்தேன். அன்று காலையில் பதிவானவருக்கு யார் நட்சத்திரம் கொடுத்திருக்க முடியும்? காட்டுவதற்காக அவரே மாதிரிக்குப் போட்டதாம். அதை அந்த அம்மாவிடம் சொன்னேன். யாரும் உங்களைக் குறை சொல்லவில்லை, மாதிரிக்குப் போட்டது, இப்போது எடுத்தாயிற்று என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். “மாதிரிக்குத்தானே ஐயா, ஐந்து போட்டிருக்கக் கூடாதா?” என்றார்.